தில்லியில் கீழ் வீடு: தரைக்கு இன்சுலேஷன் போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மத்திய பொதுப்பணித் துறையில் கட்டடப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஜனக்புரியில் டி.டி.ஏ. என்கிற தில்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய மாடிக் குடியிருப்பில் கீழ் வீடு எங்களுடையது. இரண்டு வருஷத்துக்கு முன் தரையை மண் வரைக்கும் உடைத்துப் புதிதாகப் போட்டோம். அன்றிலிருந்து மலை மந்திர் முருகன் கோயில் படிக்கட்டிலும் கல்யாணப் பந்தியிலும் "நாங்களும் வீட்டைப் புதுப்பிக்கிறோம், தரைக்கு இன்சுலேஷன் போடணுமா?" என்று யாராவது கேட்காத மாதம் இல்லை. அவர்களுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே சேர்த்து வைக்கிறேன். சில கேள்விகளுக்குப் பதில் நீளம். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். போடலாமா, வேண்டாமா?

வேண்டாம். இன்சுலேஷன் என்பது வெப்பம் கடக்காமல் தடுக்கத் தரைக்கு அடியில் பதிக்கும் பலகை. மண்ணின் மேல் நேராக உட்கார்ந்திருக்கும் தில்லி வீட்டுக்கு அந்தச் செலவு வீண். அதே பணத்தை ஓதம் ஏறாமல் தடுக்கப் போடுங்கள். கீழ் வீட்டைக் கெடுப்பது தரை வழியாக வரும் குளிரோ சூடோ அல்ல, ஈரம். விதிவிலக்கு உண்டு, கொஞ்சம் கீழே வருகிறது.

மான்செஸ்டரில் இருக்கும் மாப்பிள்ளை, "தரையை உடைத்தால் இன்சுலேஷன் இல்லாமல் மூடவே கூடாது" என்கிறாரே?

அவர் ஊருக்கு அவர் சொல்வது முழுக்கச் சரி. இங்கிலாந்தில் பழைய வீட்டின் தரையைப் பெரிய அளவில் எடுத்துப் போட்டால் வெப்பத்தடுப்பையும் மேம்படுத்த வேண்டும் என்று கட்டட விதியே இருக்கிறது. தரையின் யூ-மதிப்பை 0.25-க்குக் கொண்டுவரச் சொல்லுகிறார்கள். ஒரு சதுர மீட்டர் வழியாக, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் வெப்பம் கசிகிறது என்பதுதான் அந்த மதிப்பு.

அந்த விதி ஏன் வந்தது என்று பார்த்தால் நமக்கு ஏன் வேண்டாம் என்பதும் புரிந்துவிடும். சில மீட்டர் ஆழத்துக்குப் போனால் மண்ணுக்குக் கோடையும் தெரியாது, குளிரும் தெரியாது. அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே வருஷம் முழுக்க நிற்கும். மான்செஸ்டரில் அந்தச் சராசரி 10 டிகிரி பக்கம். வீட்டுக்குள் ஹீட்டர் போட்டு 20 டிகிரி வைத்திருக்கிறார்கள். ஆக, பெரும்பாலான மாதங்களில் கீழே இருக்கும் மண், காசு கொடுத்து வாங்கிய சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தடுக்கத்தான் வேண்டும்.

தில்லியின் ஆண்டுச் சராசரி 25 டிகிரி. குருகிராமை ஒட்டிய குவால் பஹாடியில் டெரி என்ற எரிசக்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் பயிற்சி வளாகம் ஒன்று இருக்கிறது. அங்கே 4 மீட்டர் ஆழத்தில் குழாய் புதைத்து, அதன் வழியாகக் காற்றை இழுத்து அறைகளுக்கு அனுப்புகிறார்கள். அந்த ஆழத்தில் மண் வருஷம் பூராவும் 26 டிகிரி அளவில் இருப்பதால் கோடையில் காற்று குளிர்ந்தும் குளிர்காலத்தில் கதகதப்பாகவும் வருகிறது. முகலாயர்கள் தேக்கானா என்று நிலவறை கட்டிக் கோடை மதியங்களை அதில் கழித்ததும் இதே கணக்கில்தான்.

மே மாதம் வீட்டுக்குள் 34 டிகிரி, அடிமண் 26. மண் சூட்டை வாங்கிக்கொள்கிறது. ஜனவரியில் ஹீட்டர் போடாத அறை 15 டிகிரி. அடிமண் அதைவிடச் சூடாக இருக்கிறது, அதனால் சூடு மேலே வருகிறது. மாப்பிள்ளை ஊரில் எதிரியாக இருக்கும் மண், நம் ஊரில் இரண்டு பருவத்திலும் நம் பக்கம். அதற்கும் நமக்கும் நடுவே எதற்குத் தடுப்பு?

அப்படியென்றால் ஜனவரியில் தரை ஏன் பனிக்கட்டி மாதிரி இருக்கிறது? கால் வைக்க முடியவில்லையே!

இதுதான் எல்லோரையும் குழப்பும் இடம். போன தை மாதம் விடியற்காலையில் எங்கள் கூடத்து மார்பிளையும் பக்கத்தில் கிடந்த மரப் பலகையையும் வெப்பமானி வைத்துப் பார்த்தேன். இரண்டும் 16 டிகிரி, வித்தியாசமே இல்லை. ஆனால் மார்பிள் காலை வெட்டியது, பலகை வெட்டவில்லை.

நம் பாதத்தின் தோல் 30 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மார்பிள், கிரானைட், கோட்டா கல் எல்லாம் வெப்பத்தை வேகமாகக் கடத்தும். கால் பட்ட நொடியில் தோலின் சூட்டை வாங்கி உள்ளே அனுப்பிவிட்டு இன்னும் வாங்கக் காத்திருக்கும். மரம் அதைவிடப் பத்திருபது மடங்கு மந்தம். கால் பட்ட இடம் உடனே சூடாகி, அதற்கு மேல் வாங்குவதை நிறுத்திவிடும். நமக்குச் சில்லென்று படுவது கல்லின் இந்த வேகம். தரையின் வெப்பநிலைக்கு அதில் பங்கு குறைவு.

சரி, இன்சுலேஷன் போட்டால் அந்தச் சில்லிப்பாவது குறையுமா?

குறையாது. இன்சுலேஷன் பலகை எங்கே போகிறது என்று யோசியுங்கள். அதன் மேல் 7 சென்டிமீட்டர் காங்கிரீட், அதற்கு மேல் மார்பிள் அல்லது டைல்ஸ். உங்கள் கால் படுவது அதே கல்லில்தான். ஹீட்டர் இல்லாத வீட்டில் அந்தக் கல் அறைக் காற்றின் குளிருக்கே வந்து நிற்கும். கீழிருந்து வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்சச் சூட்டையும் தடுத்துவிட்டதால், இன்னும் அரை டிகிரி குறைந்தால்கூட ஆச்சரியமில்லை.

சில்லிப்பு போக வேண்டுமென்றால் கால் படும் மேல்பரப்பை மாற்ற வேண்டும். மரத் தரை, கார்க், அதுவும் முடியாவிட்டால் ஜமக்காளம். கோரைப்பாயைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கோரைக்குள்ளும் இழைகளுக்கு நடுவிலும் காற்று அடைந்து கிடக்கிறது, காற்றை அடைத்து வைப்பதுதானே இன்சுலேஷன். சுவாமி அறையில் மணைப் பலகை போட்டு உட்கார்ந்த நம் பெரியவர்கள் இயற்பியல் படித்திருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

ஏசிக்குச் செலவாகும் மின்சாரம் குறையும் என்று கடைக்காரர் சொன்னாரே?

உத்தேசக் கணக்கு ஒன்று போடுவோம். 12 அடிக்கு 12 அடி அறை, ஏறக்குறைய 13 சதுர மீட்டர். இன்சுலேஷன் இல்லாத தரை வழியாக ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 0.6 வாட் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். ஏசியை 24-இல் வைத்தால் அடிமண் 26. வித்தியாசம் 2 டிகிரிதான். பெருக்கினால் 16 வாட் வருகிறது. ஒரு எல்.இ.டி. பல்புக்கு மேல் கொஞ்சம். ஒன்றரை டன் ஏசி அறையிலிருந்து வெளியேற்றக்கூடிய வெப்பம் 5,000 வாட்டுக்கு மேல். இதில் 16 வாட்டைப் பாதியாக்கி என்ன சேமிக்கப் போகிறீர்கள்?

அதே அறையின் மேற்கு ஜன்னல், 4 அடிக்கு 4 அடி, ஜூன் மாத மாலை வெயிலில் 500 வாட்டுக்கு மேல் உள்ளே கொட்டும். ஜன்னலுக்கு வெளியே ஒரு மூங்கில் திரை தொங்கவிட்டால் அதில் பெரும்பகுதி நின்றுவிடும். கண்ணாடிக்கு வெளியே தொங்க வேண்டும் என்பது முக்கியம். உள்ளே திரை போட்டால் சூடு கண்ணாடியைத் தாண்டி வந்து அறைக்குள் மாட்டிக்கொள்ளும்.

வீடுகளுக்கான மத்திய அரசின் ஆற்றல் சிக்கன விதித்தொகுப்பு, 2018-இல் வந்த எகோ நிவாஸ் சம்ஹிதா, கூரைக்கு யூ-மதிப்பு 1.2-ஐத் தாண்டக்கூடாது என்கிறது. சுவர், ஜன்னல் வழியாக வரும் வெப்பத்துக்கும் வரம்பு வைத்திருக்கிறது. மொட்டை மாடிக்குக் கீழே குடியிருப்பவருக்கு இன்சுலேஷன் வரப்பிரசாதம். கீழ் வீட்டுக்காரருக்குத் தலைக்கு மேல் இன்னொரு குடும்பம் இருக்கிறது, அதுவே நல்ல இன்சுலேஷன்.

ஈரம், ஈரம் என்கிறீர்கள். எங்கள் வீட்டில் ஓதம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தில்லியில் எந்த மிஸ்திரியிடம், அதாவது கொத்தனாரிடம், கேட்டாலும் "சீலன்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். ஆனால் அந்த ஒரு பெயருக்குள் மூன்று வெவ்வேறு வியாதிகள் இருக்கின்றன. மருந்தும் வேறு வேறு.

முதலாவது, மண்ணிலிருந்து ஏறும் ஓதம். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலச் செங்கல்லும் கலவையும் மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கும். ஸ்கர்ட்டிங்குக்கு மேல் பெயின்ட் கொப்பளிக்கும், பூச்சு பொடிப்பொடியாக உதிரும், வெள்ளையாக உப்புப் பூக்கும். பொதுவாகத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும், வீட்டைச் சுற்றிக் கோடு கிழித்த மாதிரி. இதைத் தடுக்கத்தான் கட்டும்போதே பிளிந்த் மட்டத்தில், அதாவது வீட்டுத் தரையின் மட்டத்தில், சுவருக்குக் குறுக்கே டி.பி.சி. என்ற ஈரத்தடுப்பு அடுக்கு போடுவோம். 4 சென்டிமீட்டர் காங்கிரீட், நீர்த்தடுப்பு மருந்து கலந்தது, அதன் மேல் தார்ப்பூச்சு. ஆனால் நாற்பது ஐம்பது வருஷக் கட்டடத்தில் அது எந்த நிலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

இதோடு தில்லிக்கே உரிய கூத்து ஒன்று உண்டு. ஒவ்வொரு தடவை சாலை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு போகிறார்கள். நாங்கள் குடிவந்தபோது வாசலுக்கு மூன்று படி ஏற வேண்டும். இப்போது ஒன்றரைப் படிதான் மிச்சம். பிளிந்த் சுற்றுமண்ணைவிட 45 சென்டிமீட்டராவது உயரமாக இருக்க வேண்டும் என்பது விதி. சாலை உயர உயர, டி.பி.சி. மண்ணுக்குள் புதைந்துவிடுகிறது. அதற்கு மேல் இருக்கும் செங்கல்லை மண் நேராகத் தொடுகிறது. அப்புறம் என்ன மருந்து அடித்தாலும் நிற்காது. எங்கள் வரிசையில் இரண்டு வீட்டில் பின்புறத் தோட்டத்துக்கு மண் கொட்டி உயர்த்தி, அவர்களே அந்த வேலையைச் செய்துகொண்டார்கள். அந்த மண்ணை வெட்டி எடுத்ததும் ஒரு வருஷத்தில் பாதி ஓதம் இறங்கிவிட்டது. அதற்குச் செலவு இரண்டு ஆள் கூலி.

இரண்டாவது, குழாய்க் கசிவு. குளியலறைச் சுவருக்குப் பின்னால், சமையலறை சிங்க் பக்கத்தில், ஓரிடத்தில் மட்டும் பட்டையாக ஈரம் இருந்தால் முதலில் குழாயைச் சந்தேகப்படுங்கள். எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தை இரவும் காலையும் குறித்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

மூன்றாவது, தரை வேர்ப்பது. ஜூலையில் மழைக்காற்று வந்ததும் மார்பிள் மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். இது மண்ணிலிருந்து வந்ததல்ல. காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த கல்லில் படிந்தது, சில்லென்ற தண்ணீர்ச் செம்பு வெளிப்புறம் வேர்ப்பது போல. அந்த நாட்களில் கூலரை நிறுத்திவிட்டு, இரவெல்லாம் ஏசி ஓடிய அறையைக் காலையில் திறந்து போடாமல் இருந்தாலே பெருமளவு சரியாகும். நியாயத்துக்குச் சொல்கிறேன், இந்த ஒரு விஷயத்தில் இன்சுலேஷன் போட்ட தரைக்குக் கொஞ்சம் லாபம் உண்டு. காற்றோடு சேர்ந்து சீக்கிரம் சூடாகிவிடுவதால் குறைவாக வேர்க்கும். ஆனால் வருஷத்தில் சில வாரங்கள் வரும் தொல்லைக்காக வீட்டையே தோண்டுவேன் என்பது உங்கள் இஷ்டம்.

முதலாவதா மூன்றாவதா என்று பிரித்துப் பார்க்க எளிய வழி: ஒன்றரை அடிச் சதுரத்தில் கனமான பாலிதீன் ஷீட்டை வெட்டித் தரையில் வைத்து நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்க விடுங்கள். ஷீட்டுக்கு அடியில் ஈரம் இருந்தால் மண்ணிலிருந்து வருகிறது. மேலே மட்டும் இருந்தால் காற்றிலிருந்து வருகிறது. பளபளப்பான டைல்ஸ் மேல் இது சரியாகக் காட்டாது. ஒரு டைலைப் பெயர்த்து அடிக் காங்கிரீட்டில் செய்யுங்கள்.

மிஸ்திரி, "எபாக்சி பெயின்ட் அடித்து மேலே டைல்ஸ் ஒட்டிவிடலாம், உடைக்கவே வேண்டாம்" என்கிறார்.

ஒட்டலாம். ஓதம் தரை வழியாக வர முடியாமல் சுவர் வழியாக ஏறும். இரண்டு மழைக்காலம் கழித்து அவருக்கே போன் செய்வீர்கள், சுவருக்கும் டைல்ஸ் ஒட்டச் சொல்லுவார்.

முழுக்க உடைப்பது என்று முடிவு செய்துவிட்டோம். எந்த வரிசையில் வேலை நடக்க வேண்டும்?

பழைய தரையை எடுத்ததும் அவசரப்படாமல் இரண்டு மூன்று நாள் மண்ணைப் பாருங்கள். எங்கே கருத்து நனைந்திருக்கிறது, எங்கே சாக்கடை வாசனை அடிக்கிறது என்று தெரியும். பழைய இரும்புக் குழாய்களை மாற்ற இதைவிட நல்ல நேரம் வராது. அஸ்திவாரத்துக்கு அருகே ஆழமாகத் தோண்ட மட்டும் விடாதீர்கள். உங்கள் சுவர் மேலே உள்ள எல்லா வீடுகளையும் தாங்குகிறது.

பிறகு மண்ணைத் தண்ணீர் விட்டு, அடுக்கடுக்காகத் திமிசுக்கட்டையால் இறுக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் பின்னால் தரை உள்வாங்கும். அதன் மேல் 10 சென்டிமீட்டருக்குப் பெரிய ஜல்லி, இங்கே ரோடி என்பார்கள். ஜல்லிக்கு நடுவே பெரிய இடைவெளி இருப்பதால் மண்ணின் ஈரம் திரி போல ஏற முடியாது. பல பேர் இந்த இடத்தில் உடைத்த மல்பாவையே, அதாவது இடிபாட்டையே, கொட்டி நிரப்பிவிடுவார்கள். அதில் இருக்கும் பொடியும் பழைய பூச்சும் ஈரத்தையும் உப்பையும் அழகாக மேலே கொண்டுவரும். தேக்கேதார், அதாவது ஒப்பந்தக்காரர், மிச்சம் பிடிக்கும் முதல் இடம் இது என்பதால் அங்கேயே நின்று பாருங்கள்.

ஜல்லி குத்தாமல் இருக்க மேலே இரண்டு விரல் கனத்துக்கு மணல். அதன் மேல் 250 மைக்ரான் பாலிதீன் ஷீட், கடையில் 1000 கேஜ் என்று கேளுங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஒரு அடி ஏற வேண்டும், சேரும் இடத்தில் டேப். ஓரத்தில் சுவரோடு மேலே திருப்பி டி.பி.சி. மட்டத்தோடு இணைக்க வேண்டும். மொத்த வேலையின் உயிர் இந்த ஓரம்தான். நடுவில் எவ்வளவு நன்றாகப் போட்டாலும் ஓரத்தில் நான்கு விரல் இடைவெளி விட்டால் ஈரம் அந்த வழியாக வரும். அதற்கு மேல் 10 சென்டிமீட்டர் காங்கிரீட், பிறகு உங்களுக்குப் பிடித்த கல்.

எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஷீட் விரித்த நாள் நான் மயூர் விஹாரில் அண்ணன் மகள் சீமந்தத்துக்குப் போயிருந்தேன். காங்கிரீட் மறுநாள் என்று பேச்சு. திரும்பி வந்து பார்த்தால் போட்டு முடித்துவிட்டார்கள். தள்ளுவண்டியை ஷீட்டின் மேலேயே ஓட்டியிருக்கிறார்கள். கிழியவில்லை என்று சத்தியம் செய்தார்கள். அடுத்த ஆவணியில் சமையலறை மூலையில் உப்புப் பூத்தது. முப்பது வருஷம் மற்றவர்கள் கட்டடத்தில் நின்று மேற்பார்வை பார்த்தவன் சொந்த வீட்டில் ஒரு நாள் நிற்கவில்லை என்று வீட்டம்மா இன்றும் சொல்லிக்காட்டுகிறாள்.

சுவரில் ஏற்கெனவே டி.பி.சி. போயிருந்தால்?

ஊசி மருந்து முறை இருக்கிறது. தரைக்குச் சற்று மேலே, செங்கல் வரிசைகளுக்கு நடுவே கலவை இருக்கும் கோட்டில் 12 மில்லிமீட்டர் துளைகளை 10 முதல் 12 சென்டிமீட்டர் இடைவெளியில் போட்டு, சிலேன் கலந்த கிரீமைச் செலுத்துவார்கள். அது பரவி நீரை ஏற்காத பட்டையாக மாறும். சுவர் காய மாதக்கணக்கில் ஆகும். உப்பேறிய பழைய பூச்சை ஒரு மீட்டர் உயரத்துக்காவது கொத்தி எடுத்துவிட்டுப் புதுப் பூச்சு போட வேண்டும். உப்பு அங்கேயே இருந்தால் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மருந்து வேலை செய்தும் சுவர் நனைந்தே தெரியும், நீங்கள் மருந்தைத் திட்டுவீர்கள்.

விதிவிலக்கு உண்டு என்றீர்களே, யாருக்கு?

மூன்று பேருக்கு.

உங்கள் வீட்டுக்குக் கீழே கார் நிறுத்தும் திறந்த இடம் இருந்தால் உங்கள் தரை மண்ணில் இல்லை, காற்றில் தொங்குகிறது. ஜனவரி இரவின் 7 டிகிரிக் காற்று நேராக அடியில் வீசும், மே மாதத்து 42 டிகிரியும் அப்படியே. மாடிக்கு ஒரு வீடாகப் புதிதாகக் கட்டி விற்கும் பில்டர் ஃப்ளோர்களில் முதல் மாடிக்காரர் இந்த நிலையில்தான் இருக்கிறார். அங்கே இன்சுலேஷன் பலன் தரும், தரையை உடைக்கவும் வேண்டாம். கீழிருந்து, பார்க்கிங்கின் கூரையில் பலகையைப் பொருத்திப் பூசிவிடலாம். தீப்பற்றாத ராக்வூல் பலகையாக இருப்பது நல்லது. கீழே பெட்ரோல் வண்டிகள் நிற்கின்றன. பொது இடம் என்பதால் மற்றக் குடித்தனக்காரர்களின் சம்மதமும் வேண்டும்.

அடுத்து, தரைக்கு அடியில் மின்சாரச் சூடேற்றும் பாய் பதிக்க நினைப்பவர்கள். சதுர மீட்டருக்கு 100 முதல் 150 வாட் எடுக்கும் சமாசாரம் அது. அடியில் இன்சுலேஷன் இல்லாவிட்டால் பாதி மண்ணுக்குப் போகும். தில்லியில் நிஜமான குளிர் ஆறேழு வாரம். அதற்காக இதைப் பதிப்பது எனக்குச் சம்மதமில்லை, ஆனால் வயதானவர் இருக்கும் ஓர் அறைக்கு மட்டும் என்றால் மறுக்கமாட்டேன்.

மூன்றாவது, சிம்லா, முசூரி பக்கம் மலைவீடு வைத்திருப்பவர்கள். அங்கே மாப்பிள்ளை பேச்சைக் கேளுங்கள்.

போடுவதென்றால் தெர்மகோல் போதுமா?

பெட்டிக்குள் வைத்து வரும் சாதா தெர்மகோல் கூடாது, பாரத்தில் அமுங்கும். எக்ஸ்.பி.எஸ். பலகை என்று கேளுங்கள். நீலம், இளஞ்சிவப்பு நிறங்களில் வரும், தண்ணீர் குடிக்காது, பீரோ கனத்தைத் தாங்கும். பாலிதீனுக்கு மேல் பலகை, அதன் மேல் கம்பிவலை வைத்து 7 சென்டிமீட்டர் காங்கிரீட். 5 சென்டிமீட்டர் பலகை என்றால் கல்லோடு சேர்த்துத் தரை 14 சென்டிமீட்டர் உயரும். கதவுகளை அறுக்க வேண்டும், சமையல் மேடை தாழ்ந்துவிடும், குளியலறைப் படி இடறும். பழைய வீட்டில் அறை உயரம் விதி கேட்கும் 2.75 மீட்டருக்குச் சரியாக இருந்தால் அதுவும் குறையும். அத்தனை உயரத்தையும் கீழே தோண்டி எடுக்க முடிந்தால் சரி.

கரையான்?

நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை. பலகையைக் கரையான் உணவாகத் தின்னாது, ஆனால் அதற்குள் சுரங்கம் போட்டுக்கொண்டு கதவு நிலை வரை வந்துவிடும். வெளியே தடயமே தெரியாது. இன்சுலேஷன் போட்டாலும் போடாவிட்டாலும், தரை திறந்திருக்கும்போதே கரையான் மருந்து அடித்துவிடுங்கள். தரை மூடிய பிறகு என்றால் சுவர் ஓரமாக 30 சென்டிமீட்டருக்கு ஒரு துளை போட்டு மருந்து ஊற்ற வேண்டிவரும். ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தர விதியின் மூன்றாம் பகுதியைத் தேக்கேதாரிடம் சொல்லுங்கள். வந்தவர் விஷயம் தெரிந்தவர் என்று அவருக்கும் புரியும்.

எந்த மாதத்தில் ஆரம்பிக்கலாம்? அனுமதி வாங்க வேண்டுமா?

பழைய தரையை எடுத்துப் புதிது போட, தில்லியின் 2016 கட்டட விதிகளின்படி வரைபட அனுமதி தேவையில்லை. சுவரைத் தொட்டால்தான் கதை வேறு.

மாதம் முக்கியம். தீபாவளிக்கு அப்புறம் ஆரம்பிக்காதீர்கள். காற்று மாசு கூடி, அதைக் கட்டுப்படுத்தும் கிராப் திட்டத்தின் மூன்றாம் நிலை அமலுக்கு வந்தால் உடைப்பது, மண் வேலை, டைல்ஸ் அறுப்பது, பதிப்பது, நீர்த்தடுப்பு வேலை எல்லாம் நின்றுவிடும். கூடத்தில் மண்ணோடு, சமையலறையை வராந்தாவில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் காத்திருப்பது என்று யாருக்கும் தெரியாது. ஆள்களும் ஊருக்குப் போய்விடுவார்கள். மழைக்காலத்தில் போட்டால் காங்கிரீட் காயாது. பங்குனி, சித்திரையில் ஆரம்பித்து ஜூன் முடிவதற்குள் கல் பதித்துவிடுவது என் யோசனை. மல்பாவைத் தெருவோரம் கொட்டாமல் மாநகராட்சி ஒதுக்கிய இடத்துக்கு அனுப்பும் பொறுப்பை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் அபராதச் சீட்டு உங்கள் பெயருக்கு வரும்.

மரத் தரை போட ஆசை. கீழ் வீட்டில் தாங்குமா?

அடியில் ஓதம் இல்லையென்று உறுதியானால் தாங்கும். புதுக் காங்கிரீட் ஒரு அங்குலக் கனம் காய ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. 10 சென்டிமீட்டருக்கு நான்கு மாதம். அதற்கு முன் ஒட்டினால் ஈரம் உள்ளே மாட்டிப் பலகை படகு போல வளையும். படுக்கையறைக்கு மட்டும் மரம், கூடத்துக்குக் கல் என்று பிரித்துக்கொள்வது எனக்குப் பிடித்த ஏற்பாடு. மே மாதம் வெறும் கல்லில் படுக்கும் சுகத்தை இழக்க வேண்டாம்.

தங்கை பெங்களூரில் வீட்டைப் புதுப்பிக்கிறாள். மைத்துனர் மும்பையில். அவர்களுக்கும் இதே பதிலா?

பெங்களூரில் ஆண்டுச் சராசரி 24 டிகிரி, அதற்கு மேல் கடுங்கோடையும் இல்லை, கடுங்குளிரும் இல்லை. யோசிக்கவே வேண்டாம், ஓதத்தை மட்டும் பாருங்கள். மும்பையில் ஓதத்தைத் தவிர வேறு எதையும் பார்க்க நேரமிருக்காது.

நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம், உடைக்க முடியாது. மாமியாருக்கு முழங்கால் வலி, தரையில் கால் வைத்தாலே அழுகிறார். ஏதாவது வழி உண்டா?

உண்டு. அவர் கட்டிலிலிருந்து இறங்கும் இடம், குளியலறைக்குப் போகும் வழி, சுவாமி அலமாரிக்கு முன்னால், இந்த மூன்றே இடத்தில் கனமான விரிப்பு போடுங்கள். விரிப்புக்கு அடியில் வழுக்காத ரப்பர் வலை கட்டாயம், விழுந்தால் முழங்காலோடு இடுப்பும் போகும். வாசல் கதவுக்கும் பால்கனிக் கதவுக்கும் அடியில் அரை அங்குலச் சந்து இருக்கும், கையை வைத்துப் பார்த்தால் காற்று தெரியும். கடையில் கிடைக்கும் பிரஷ் பட்டையை ஒட்டிவிடுங்கள். கனமான காலுறை ஒரு டஜன் வாங்குங்கள். போடமாட்டேன் என்று அடம் பிடித்தால், பேரனை விட்டுப் போட்டுவிடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது.